குழாய் மூடும் நேரம்: பிறந்த குழந்தையும் பொட்டாசியமும்

காரைக்கால் பகுதியின் வட எல்லையில் இருக்கிறது பூவம். நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு, இன்னும் சிறிது தூரம் போனால் தரங்கம்பாடி. 1739-இல் காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சு ஆட்சி, இடையிடையே ஆங்கிலேயரிடம் பறிபோய்த் திரும்பி, 1954 வரை நீடித்தது. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் இருந்தார்கள். இந்த மண்ணுக்கு வந்து போன மருத்துவங்களைப் பற்றி இத்தொடரின் முந்தைய பகுதிகளில் பார்த்தோம். இந்தப் பகுதியின் பொருள் அந்த மருத்துவர்கள் யாருக்கும் முழுதாகப் புலப்படாத ஒன்று. இங்கே பிறந்த ஏறக்குறைய ஒவ்வொரு குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் ஓரிரண்டு நாளில் ஒரு ரத்தக் குழாய் தானாகச் சுருங்கி மூடிக்கொள்கிறது. மூடாமல் போன குழந்தைக்குப் பால் குடிக்கும்போதே மூச்சிரைக்கும், எடை ஏறாது, அடிக்கடி சளி பிடிக்கும். குழந்தை தேறவில்லை என்று மட்டும் வீட்டார் சொல்வார்கள். அந்தக் குழாய் ஏன் மூடுகிறது என்பதற்கான விடை 1990-களில்தான் தெளிவாகத் தொடங்கியது. அந்த விடையில் பொட்டாசியத்துக்கு உரிய இடம் இன்னும் முழுதாகத் தரப்படவில்லை என்பது என் எண்ணம். அதற்கான சான்றுகளை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

முதலில் உடற்கூறு. கருவில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜன் வந்துவிடுகிறது. அதனால் நுரையீரலுக்கு அதிக ரத்தம் போக வேண்டிய தேவை இல்லை. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் தமனிக்குள் போகும் ரத்தத்தின் பெரும்பகுதி ஒரு குறுக்குவழியில் திரும்பி நேராகப் பெருந்தமனிக்குள் சேர்கிறது. அந்தக் குறுக்குவழிதான் தமனி இணைக்குழாய். பிறந்த பிறகும் மூடாமல் நின்றால் மருத்துவர்கள் பி.டி.ஏ. என்பார்கள். இதயத்தில் ஓட்டை என்று பெற்றோர் சொல்வது வழக்கம், ஆனால் இது மூடாத குழாய். கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே கேலன் இந்தக் குழாயையும் பிறந்த பின் அது வற்றிப் போவதையும் எழுதியிருக்கிறார். ரத்த ஓட்டத்தைப் பற்றி 1628-இல் வெளியிட்ட நூலில் ஹார்வியும் இதை விவரித்தார். குழாய் இருப்பதும் தெரியும், மூடுவதும் தெரியும். ஏன் மூடுகிறது என்ற கேள்விக்கு 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் சொன்னதெல்லாம் இயந்திரக் காரணங்கள்: நுரையீரல் விரியும்போது குழாய் இழுபட்டு மடங்குகிறது, அருகிலுள்ள மூச்சுக்குழல் அழுத்துகிறது, அழுத்தம் மாறுவதால் சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன. குழாயை வெறும் ரப்பர்க் குழாயாகவே கற்பனை செய்தார்கள். அதன் சுவரில் தடித்த மென்தசை இருப்பது நுண்ணோக்கியில் தெரிந்த பின்னும் அந்தக் கற்பனை மறைய நெடுங்காலம் பிடித்தது.

அதை முதலில் அசைத்தது ஆக்ஸ்போர்டு. 1930-களின் இறுதியில் பார்கிளே, பார்கிராஃப்ட், பிராங்க்ளின் ஆகியோர் ஆட்டுக்குட்டிகளின் ரத்த ஓட்டத்தை எக்ஸ்ரே திரைப்படமாக எடுத்து, மூச்சு தொடங்கியதும் இணைக்குழாய் சுருங்குவதைப் பார்த்தார்கள். அடுத்து, கென்னடியும் கிளார்க்கும் 1942-இல் வெளியிட்ட கினிப் பன்றிச் சோதனைகளில், நுரையீரல் விரிவதைவிட ஆக்சிஜன் வருவதே குழாயைச் சுருக்குகிறது என்று தெரிந்தது. 1963-இல் கோவல்சிக் குழாயை உடலிலிருந்து வெட்டியெடுத்து உப்புக் கரைசலில் தொங்கவிட்டுப் பார்த்தார். நுரையீரல் இல்லை, நரம்பு இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. கரைசலில் ஆக்சிஜன் ஏறியதும் குழாய் சுருங்கியது. இயந்திரக் காரணங்கள் அத்தனையும் அங்கேயே செத்தன. இதே உண்மையை இயற்கை வேறோர் இடத்தில் பெரிய அளவில் காட்டியிருந்தது. பெரு நாட்டில் ஆண்டீஸ் மலையில் 4,000 மீட்டருக்கு மேலான ஊர்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு, கடற்கரை ஊர்களில் பிறப்பவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் குழாய் மூடாமல் நிற்பதை 1950-களிலும் 60-களிலும் அந்நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மலையில் காற்று மெலிந்தது, ஆக்சிஜன் குறைவு. கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் பூவத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்தக் குறை இல்லை. இங்கே முதல் மூச்சிலேயே முழு ஆக்சிஜன் கிடைக்கிறது.

அப்படியானால் ஆக்சிஜன்தான் காரணம் என்று முடித்துவிடலாமா? முடியாது. ஆக்சிஜன் ஒரு வாயு. அது தசையைப் பிடித்து இழுப்பதில்லை. அது வந்திருக்கிறது என்பதை உணர்ந்து, அந்த உணர்வைச் சுருக்கமாக மாற்றும் ஓர் ஏற்பாடு தசையணுவுக்குள் இருக்க வேண்டும். இங்கேதான் பொட்டாசியம் வருகிறது. மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட் பாட்டிலின் லேபிளைப் படித்துப் பாருங்கள். நூறு மில்லியில் சோடியம் குளோரைடு 0.6 கிராம் இருக்கும், பொட்டாசியம் குளோரைடு 0.04 கிராம்தான். லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் 1880-களின் தொடக்கத்தில் தவளை இதயங்களை வைத்துக் கண்ட கணக்கின் வழித்தோன்றல் அது. கால்சியம் இல்லாவிட்டால் இதயம் துடிப்பதை நிறுத்தியது, பொட்டாசியம் கூடிப்போனாலும் நின்றது. ரத்தத்திலும் பொட்டாசியம் இதுபோலவே குறைவு, உயிரணுவுக்குள்ளோ அது ஏறக்குறைய முப்பது மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றும் பம்பைக் கடற்கரை நண்டின் கால் நரம்பில் 1957-இல் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ. தரங்கம்பாடியை ஆண்ட நாட்டிலிருந்து நமக்குக் கிடைத்தவற்றில், அவர்கள் கட்டிய கோட்டையைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். 1997-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உள்ளே குவிந்த பொட்டாசியம் வெளியே கசிய அணுவின் சவ்வில் புரதத்தாலான நுண்துளைகள் உண்டு. அவையே பொட்டாசியம் கால்வாய்கள். அவை திறந்திருக்கும்போது நேர்மின்னேற்றம் கொண்ட பொட்டாசியம் வெளியேறிக்கொண்டே இருக்கும், அணுவின் உட்புறம் எதிர்மின் நிலையில் நிற்கும். அந்த நிலையில் கால்சியம் கால்வாய்கள் திறக்கா. கால்சியம் நுழையாத தசை தளர்ந்தே கிடக்கும். பொட்டாசியம் கால்வாய்கள் மூடினால் உட்புறத்தின் எதிர்மின் நிலை குறையும், கால்சியம் கால்வாய்கள் திறக்கும், கால்சியம் பாயும், தசை சுருங்கும். காவிரிக் கடைமடை விவசாயிக்கு இது புதிதல்ல: வடிகால் மதகை அடைத்தால் வயலில் நீர் ஏறி எதிர்ப்பக்க மடையைத் தள்ளித் திறக்கும். ஆக, ஒரு ரத்தக் குழாய் எவ்வளவு விரிந்திருக்கும் என்பதைக் கணத்துக்குக் கணம் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிப்பது அதன் தசையணுக்களில் எத்தனை பொட்டாசியம் கால்வாய்கள் திறந்திருக்கின்றன என்பதுதான்.

இணைக்குழாய்க்கும் இந்த விதிதான் என்பதற்கு முதல் சான்று 1981-இல் வந்தது. ரூலேயும் கோபர்னும் கினிப் பன்றிக் குட்டியின் இணைக்குழாய்த் தசையில் நுண்மின்முனையைச் செருகி, ஆக்சிஜன் ஏறும்போது உட்புற எதிர்மின் நிலை குறைவதை அளந்தார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மேல் போகக் கருவி போதாது. ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தையே அளக்கும் முறையை நேயரும் சாக்மானும் 1976-இல் அறிமுகப்படுத்தியிருந்தாலும், அது உடலியல் ஆய்வகங்களில் பரவலாகப் புழங்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. 1988-இல் ஸ்பெயினின் லோபஸ்-பார்னியோ குழு, கழுத்துத் தமனியருகே உள்ள ஆக்சிஜன் உணரும் அணுக்களில், ஆக்சிஜன் குறைந்தால் பொட்டாசியம் மின்னோட்டம் அடங்குவதைக் காட்டியது. 1992-இல் போஸ்ட், வெயர், ஆர்ச்சர், ஹியூம் ஆகியோர் நுரையீரல் தமனியிலும் அதையே கண்டார்கள்: ஆக்சிஜன் குறைந்தால் பொட்டாசியம் கால்வாய் மூடும், தமனி சுருங்கும். ஆனால் இணைக்குழாய் இதற்கு நேர் எதிராக நடக்கிறது, ஆக்சிஜன் கூடினால் சுருங்குகிறது. 1996-இல் டிரிஸ்டானி-ஃபிரூசி, வெயர், ஆர்ச்சர் குழு முயலின் இணைக்குழாயை எடுத்துப் பார்த்து, ஆக்சிஜன் அங்கே மின்னழுத்தத்துக்கேற்பத் திறந்து மூடும் பொட்டாசியம் கால்வாய்களை அடைக்கிறது என்று நிறுவியது. 4-அமினோபிரிடின் என்ற மருந்து அதே கால்வாய்களை அடைக்கக்கூடியது. அதைக் கரைசலில் சேர்த்தபோது ஆக்சிஜன் செய்த வேலையை அதுவும் செய்தது. பிறந்த நிமிடத்தில் நடப்பதை இதன் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே ஆக்சிஜன் நுரையீரல் தமனியை விரிக்கிறது, அதிலிருந்து கிளைத்துப் போகும் இணைக்குழாயைச் சுருக்குகிறது. இரண்டும் ஒருசேர நடந்தால்தான் ரத்தம் புதிய வழியில் திரும்பும். இரண்டுக்கும் பொட்டாசியம் கால்வாயே கருவி. இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு ஒன்று உடலில் எனக்குத் தெரிந்து இல்லை.

முயலில் கண்டதை மனிதக் குழந்தைக்கு எப்படிப் பொருத்துவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு 2002-இல் விடை வந்தது. இதயத்தின் இடப்பக்கம் வளராமல் பிறந்து அறுவைக்கு உள்ளான குழந்தைகளிடமிருந்து அகற்றப்பட்ட இணைக்குழாய்த் திசுவைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மிக்கேலாக்கிஸும் ஆர்ச்சரும் ஆராய்ந்தார்கள். மனிதத் தசையிலும் அதே கால்வாய்கள், அதே சுருக்கம். கூடுதலாக ஒன்றும் தெரிந்தது: ஆக்சிஜனை உணர்வது அணுவுக்குள் எரிசக்தி ஆக்கும் மைட்டோகாண்ட்ரியா. ஆக்சிஜன் ஏறும்போது அது வெளியிடும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் கால்வாயைப் போய் அடைக்கும் தூது. எந்தப் பொட்டாசியம் கால்வாய் என்பதில் கருத்து வேறுபாடு இருப்பது உண்மை. ஜப்பானின் நகானிஷி 1993-இல் அணுவின் எரிசக்தி நிலையைப் பார்த்துத் திறக்கும் வேறு வகைக் கால்வாயைச் சுட்டிக்காட்டினார். ஒரே குழாயில் இரண்டு வகையும் பங்கேற்கலாம். இரண்டும் பொட்டாசியம் கால்வாய்கள் என்பதால் என் வாதம் இதனால் பலவீனமாவதில்லை.

வலுவான மறுப்பு, புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளையே காரணமாகச் சொல்வோரிடமிருந்து வருகிறது. கோச்சேயானியும் ஓலியும் 1973-இல் டொராண்டோவில், புரோஸ்டகிளாண்டின் ஈ இணைக்குழாயைத் தளர்த்துவதைக் கண்டார்கள். கருவில் நஞ்சுக்கொடி இதை ஏராளமாகச் சுரக்கிறது. பிறந்ததும் நஞ்சுக்கொடி பிரிந்துபோகிறது, நுரையீரலோ மிச்சத்தைச் சிதைக்கிறது. தளர்த்தும் பொருள் போனால் குழாய் தானே சுருங்கும், இதற்கு மேல் எதற்குப் பொட்டாசியம் என்பது அவர்கள் கேள்வி. இந்த அறிவு உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதில் இரண்டாம் கருத்தே இல்லை. புரோஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கும் இண்டோமெத்தசின் குறைமாதக் குழந்தைகளின் குழாயை மூடுவதை 1976-இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் ஒரே இதழில் வெளியிட்டன. அதுவரை கத்திதான் வழி. 1938 ஆகஸ்டில் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் ஏழு வயதுச் சிறுமியின் குழாயைக் கட்டியதுதான் இந்த நோய்க்கு நடந்த முதல் வெற்றிகரமான அறுவை. ஆனால் புரோஸ்டகிளாண்டின் விளக்கம் எதை விளக்காமல் விடுகிறது என்று பாருங்கள். கோவல்சிக்கின் கரைசலில் தொங்கிய குழாய்க்கு நஞ்சுக்கொடி ஏது? ஆக்சிஜன் ஏறாத வரை அது சுருங்கவில்லை. ஆண்டீஸ் மலைக் குழந்தைக்கும் நஞ்சுக்கொடி அதே நேரத்தில்தான் பிரிகிறது, ஆனாலும் பலருக்குக் குழாய் மூடுவதில்லை. புரோஸ்டகிளாண்டின் போவது தடை நீங்குவது மட்டுமே. சுருங்கும் வேலையைச் செய்யப் பொட்டாசியம் கால்வாய்கள் மூடியாக வேண்டும். இன்னொன்று: நிறைமாதக் குழந்தையின் மூடாத குழாயில் இண்டோமெத்தசின் பெரும்பாலும் பலிப்பதில்லை. புரோஸ்டகிளாண்டின்தான் முழுக் கதை என்றால் எல்லா வயதிலும் அது பலிக்க வேண்டும்.

எண்டோதெலின் என்ற இன்னொரு பொருளையும் கோச்சேயானி முன்வைத்தார். ஆனால் 1999-இல் அவரே செய்த சோதனையில், அதன் ஏற்பியை மரபிலேயே இழந்த எலிக்குட்டிகளுக்கும் பிறந்த பின் குழாய் மூடியது. அந்தப் பொருள் துணை செய்கிறது, தலைமை அதனிடம் இல்லை.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். குறைமாதக் குழந்தைக்கு ஏன் குழாய் மூடுவதில்லை? நிறைமாதத்தில் பிறக்கும் இரண்டாயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்குத்தான் இந்தக் கோளாறு மட்டும் தனியாக இருக்கும். 28 வாரத்துக்கு முன்பே பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் நாட்களில் குழாய் திறந்தே கிடக்கும். அவர்களுக்கும் ஆக்சிஜன் கொடுக்கத்தான் செய்கிறோம். அப்படியும் குழாய் கேட்பதில்லை. பெர்னார்ட் தெபோ, ஆர்ச்சர் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான விடை. குறைமாத முயல்குட்டியின் இணைக்குழாயில் ஆக்சிஜனுக்கு இசையும் பொட்டாசியம் கால்வாய்கள் போதுமான அளவு இல்லை. அந்தக் கால்வாயின் மரபணுவை வைரஸ் மூலம் திசுவுக்குள் செலுத்தினார்கள். அதுவரை ஆக்சிஜனுக்கு அசையாத குழாய் ஆக்சிஜனுக்குச் சுருங்கத் தொடங்கியது. ஆக்சிஜன் அதேதான், புரோஸ்டகிளாண்டினும் அதேதான், மாறியது கால்வாய் ஒன்றே. நுரையீரல் தமனியிலும் வயதுக்கேற்ப இப்படி மாற்றம் நடக்கிறது. கருவில் கால்சியத்தைப் பார்த்துத் திறக்கும் பொட்டாசியம் கால்வாய்கள் முன்னிற்கின்றன என்று கார்ன்ஃபீல்டு குழு 1996-இல் காட்டியது. வளர வளர மின்னழுத்தத்துக்கேற்பத் திறக்கும் கால்வாய்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன என்று ரீவ் குழு 1998-இல் காட்டியது. கால்வாய்கள் ஒரே நாளில் முளைப்பதில்லை. கருவின் கடைசி வாரங்களில் அவை ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பிறக்கும் நேரத்துக்குள் குழாயைத் தயார்ப்படுத்துகின்றன. குழாய் மூடும் நேரத்தை நிர்ணயிப்பது பிறந்த மணி என்று நாம் நினைக்கிறோம், அந்த நேரம் கருவிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது.

கால்வாயை அடைத்துக் குழாயை மூடும் மருந்து ஒன்றுகூட நடைமுறையில் இல்லையே, பிறகு இந்த அறிவால் என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. இல்லைதான். உடலெங்கும் பொட்டாசியம் கால்வாய்கள் இருப்பதால், அவற்றை அடைக்கும் மருந்து இதயத்தையும் மூளையையும் தொடாமல் இந்த ஒரு குழாயை மட்டும் தொடுவது எளிதல்ல. ஆனால் கால்வாயைத் திறக்கும் மருந்துகள் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கின்றன, அங்கே இந்த அறிவு நேரடியாகக் கைகொடுக்கிறது. சர்க்கரை அளவு தாழ்ந்துபோகும் சில பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடுக்கும் டயசாக்சைடு அத்தகையது. அதைப் பெற்ற குழந்தைகள் சிலருக்கு நுரையீரல் ரத்த அழுத்தம் உயர்வதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்தது. மூடிய இணைக்குழாய் மீண்டும் திறந்ததாகவும் பதிவுகள் உள்ளன. கான்டூ நோய்த்தொகுப்பு என்ற அரிய பிறவிக் கோளாற்றில் இணைக்குழாய் மூடாமல் நிற்பது வழக்கம். அதன் மரபணுவை 2012-இல் கண்டுபிடித்தபோது, அது பொட்டாசியம் கால்வாயின் ஒரு பாகத்துக்கு உரியது என்றும், அதிலுள்ள மாற்றம் கால்வாயை அளவுக்கு மீறித் திறந்தே வைக்கிறது என்றும் தெரிந்தது. இயற்கையே செய்துகாட்டிய சோதனை இது. மூட வேண்டிய கால்வாய் திறந்தே கிடந்தால் மூட வேண்டிய குழாயும் திறந்தே கிடக்கிறது.

கருவில் குழாய்ச் சுவர் சரியாக வளர வேண்டும் என்பது உண்மையானால், அந்த வளர்ச்சியைக் கெடுப்பவற்றைத் தடுப்பதே முதல் மருத்துவம். அவற்றில் தலையானது ரூபெல்லா. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால் குழந்தைக்குக் கண்புரையும் இதயக் கோளாறும் வரும் என்று ஆஸ்திரேலியாவின் நார்மன் கிரெக் 1941-இல் எழுதினார். அந்த இதயக் கோளாறுகளில் மிகுதியானது மூடாத இணைக்குழாய். இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரி 5-இல் தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகம், கோவா, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் முதலில் தொடங்கியது. அதனால் நண்டலாற்றின் இரு கரையிலும் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே காலத்தில் ஊசி போடப்பட்டது. இப்போது அது வழக்கமான அட்டவணையில் இருக்கிறது: ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. இரண்டாவது தவணையை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் கருவுற்ற பெண்கள் இருக்கும் வீடுகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடுப்பு வலி, கால் வலி என்று மெடிக்கலில் வாங்கிப் போடும் ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் இண்டோமெத்தசினின் உறவுகள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு அவற்றைப் போட்டால், பிறந்த பின் மூட வேண்டிய குழாய் கருவிலேயே சுருங்கக்கூடும், குழந்தையின் இதயம் அதைத் தாங்காது. குழந்தையின் சிறுநீரகத்தையும் பனிக்குட நீரையும் முன்னிட்டு 20-ஆம் வாரத்திலிருந்தே தவிர்க்கும்படி அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அறிவுறுத்தியது. மருத்துவர் எழுதிக் கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தக் கூடாது, அது வேறு காரணத்துக்காகக் கொடுக்கப்படுவது. மற்ற எந்த வலி மாத்திரையாக இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்காமல் வாங்காதீர்கள்.

(தொடரும்)